காளிகட்டத்துப் பைசாச் சித்திரங்கள்

ஓவிய வரலாறு எழுதப் புகுவோர் பெரும்பாலும் மன்னர் அவைகளையும் கோயிற் சுவர்களையுமே நாடிச் செல்வர். அசந்தா, சிகிரியா, சித்தன்னவாசல் எனத் தொடங்கி, முகலாயர் அரண்மனையும் இராசபுத்திரர் மாளிகையும் கடந்து, ஆங்கிலக் கம்பனியார் காலத்துக்கு வந்ததும் எழுதுகோலை வைத்துவிடுவது அவர் வழக்கு. பொன்னும் பட்டும் பரிசிலாகப் பெற்ற ஓவியரைப்பற்றி நாம் ஓரளவு அறிவோம். ஆயின், ஓர் ஏழைக் குடியானவன் தன் மண்வீட்டுச் சுவரிலே ஒட்டிவைத்த படம் யாது? அதனை வரைந்தவன் யாவன்? அவனுக்குக் கிடைத்த ஊதியம் எவ்வளவு? இவ்வினாக்களுக்கு விடைகூற இடந்தரும் ஓவிய மரபுகள் சிலவே. அவற்றுள் ஒன்று வங்காளத்துக் காளிகட்டத்திலே ஏறக்குறைய நூறாண்டு நிலவியது. அங்கே காளியின் திருவுருவம் ஒன்று ஒரு பைசாவுக்கு விற்கப்பட்டது.

கல்கத்தா நகரின் தென்பாலில், ஆதிகங்கை எனப்படும் பழைய கங்கைக்காலின் கரையில் அமைந்தது காளிகட்டம். கட்டம் என்பது நீர்த்துறை. காளியின் துறை என்பது பெயரின் பொருள். தக்கன் வேள்வியில் உயிர்நீத்த சதிதேவியின் உடல் துண்டுபட்டுப் பாரதநாடெங்கும் வீழ்ந்தபோது, வலக்கால் விரல் வீழ்ந்த தலம் இது என்பர் சாத்தர். தலம் பழையதாயினும் இன்றுள்ள கோயில் 1809ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பட்டது. அக்காலத்திற் கல்கத்தா பிரித்தானிய இந்தியாவின் தலைநகர். வணிகர், எழுதுவினைஞர், கப்பற் கூலிகள், வழக்காட வந்தோர் என நாற்றிசையினின்றும் மக்கள் அந்நகரிற் குவிந்தனர். வந்தவர் காளியைத் தரிசியாது மீள்வதில்லை. தரிசித்தவர் கோயில் வாயிலில் ஏதேனும் ஒரு பொருள் வாங்காது வீடு திரும்புவதுமில்லை. கதிர்காமத்துக்கோ நல்லூர்த் திருவிழாவுக்கோ சென்று மீளும் எம்மவர் கைகளை நோக்கினார்க்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை. பித்தளைப் பாத்திரம், மரப்பாவை, மண்பொம்மை, வளையல் ஆகியவற்றை விற்ற கடைகளுக்கிடையே கடதாசிப் படம் விற்கும் கடைகளும் தோன்றின. அக்கடைகளை நடத்தியோர் பட்டுவா எனப்படும் மரபினர்.

பட்டுவாக்கள் நகரத்தார் அல்லர். மேதினிப்பூர் முதலிய மாவட்டங்களின் சிற்றூர்களில் வாழ்ந்த படக்காரர். ‘பட்’ என்னும் வங்கச்சொல் சீலையைக் குறிக்கும் ‘பட’ என்னும் வடசொல்லினின்றும் வந்தது. நாம் வழங்கும் ‘படம்’ என்பதும் அதனோடு உறவுடையதே. சீலையிலும் கடதாசியிலும் பல முழ நீளமான சுருள் செய்து, அதிலே கட்டங்கட்டமாக இராமகாதையும் மனசாதேவி கதையும் தீட்டி, ஊரூராகச் சென்று, சுருளை விரித்து, ஒவ்வொரு கட்டத்தையும் விரலாற் சுட்டிப் பாட்டிசைத்துக் கதை சொல்லுதல் அவர் குலத்தொழில். கேட்டோர் நெல்லும் அரிசியும் பழந்துணியும் கொடுப்பர். இவ்வினத்தாரின் சமயநிலை வியப்புக்குரியது. அவருட் பலர் இசுலாமிய நெறியைத் தழுவியவராயிருந்தும் இந்துப் பெயர் பூண்டு இந்துக் கடவுளரை வரைந்து பாடினர். இரு சாராரும் அவரை முழுதும் தம்மவராக ஏற்றிலர்.

அச்சுருள்கள் காளிகட்டத்துக்குப் பொருந்தவில்லை. நின்று கதை கேட்க யாத்திரிகனுக்கு நேரமில்லை. சுருளை வாங்கப் பணமில்லை. வாங்கினும் அதனை மாட்டி வைக்க வீட்டிற் சுவரில்லை. எனவே பட்டுவா, சுருளினின்றும் ஒரு கட்டத்தை மட்டும் வெட்டி எடுத்தாற்போல, ஒரு தாளுக்கு ஓர் உருவம் என வரையத் தொடங்கினான். தாள் ஆலையிற் செய்யப்பட்ட மலிவான கடதாசி. நீளம் ஏறக்குறைய 17 அங்குலம், அகலம் 11 அங்குலம். ஒரு கதையின் பல கட்டங்களுக்குப் பதிலாக ஒரு கடவுளின் ஓருருவமே நின்றது; பாட்டு நின்றுபோயிற்று. நாடோடியாக ஊர்சுற்றிய கலைஞன் ஒரு தெருவிற் கடைவைத்து அமர்ந்தான். பெருநகரத்து வாழ்வு ஒரு கலையை எவ்வாறு மாற்றும் என்பதற்கு இதனிலும் தெளிவான சான்று காண்டல் அரிது.

படங்கள் செய்யப்பட்ட முறையைச் சிறிது விரிவாகக் கூறுதல் வேண்டும். ஏனெனில் விலையின் மருமம் அதிலேயே அடங்கியுளது. 1932ஆம் ஆண்டிற் காளிகட்டப் படங்களைப்பற்றிக் கட்டுரை வரைந்த முகுல் தே, கல்கத்தா அரசினர் ஓவியக் கல்லூரியின் அதிபராயிருந்தவர். அவர் தரும் விவரப்படி, ஒரு படம் ஒருவர் கையால் முடிவதன்று. மூலப்படத்தைப் பார்த்து உருவத்தின் வரம்பைப் பென்சிலால் ஒருவர் இடுவர். உடலின் திரட்சி தோன்ற ஒளியும் நிழலும் மற்றொருவர் ஊட்டுவர். ஆடை அணிகளுக்குரிய வண்ணத்தை மூன்றாமவர் தீட்டுவர். இறுதியில் மைக்கோட்டினால் உருவை முடித்துவைப்பர். இவரெல்லாம் ஒரே வீட்டார். பெண்டிரும் சிறுவரும் வண்ணம் அரைத்தும் தாள் அடுக்கியும் தூரிகை பிடித்தும் தொழிலிற் பங்குகொண்டனர்.

வண்ணங்களும் வீட்டுப்பொருள்களே. எண்ணெய் விளக்கின்மேற் சட்டியைக் கவிழ்த்துப் படிந்த புகையைச் சுரண்டி மை செய்தனர். மஞ்சட் கிழங்கினின்றும் மஞ்சள் வண்ணமும் காக்கணம்பூவினின்றும் நீலமும் பெற்றனர். வண்ணம் தாளிற் பற்றுதற்கு வில்வப்பழப் பிசினோ புளியங்கொட்டைப் பசையோ சேர்த்தனர். ஆட்டுமயிரும் அணில்வால் மயிரும் தூரிகையாயின. பிற்காலத்திலே ஐரோப்பாவினின்றும் மலிவான சாயப்பொடிகள் கப்பலேறி வந்தபோது அவற்றையும் தயக்கமின்றி ஏற்றுக்கொண்டனர். அணிகலன்களிலும் ஆடையோரங்களிலும் வெள்ளி மின்னுவதுபோற் காண்பது பெரும்பாலும் ஈயம்போன்ற வெள்ளீயப் பொடியே என இன்றைய ஆய்வுக்கூடங்கள் கண்டுள்ளன. ஒரு பைசாவுக்கு விற்கும் படத்தில் உண்மை வெள்ளியை யார்தான் எதிர்பார்ப்பர்?

ஒரு ரூபாய் 16 அணா; ஓர் அணா 4 பைசா. ஆகவே ஒரு ரூபாவுக்கு 64 படங்கள் வாங்கலாம். இலங்கையில் 1872ஆம் ஆண்டு முதல் வழங்கிய சதக்கணக்கிற் கூறினால் ஒரு படத்தின் விலை ஒன்றரைச் சதத்திற் சற்றே கூடியது. சில வேளைகளில் ஒரு பைசாவுக்கு இரண்டு, நான்கு எனவும் விற்றனர் என்கிறார் முகுல் தே. இவ்விலைக்கு ஈடுகொடுக்க வேண்டுமாயின் நாளொன்றுக்கு மிகப்பல படங்கள் முடிதல் வேண்டும். காளிகட்டப் படங்களின் தோற்றமெல்லாம் இத்தேவையினின்றும் பிறந்ததே. உருவத்தின் பின்னே வானமில்லை, மரமில்லை, மாளிகையில்லை, வெறுந்தாளே பின்புலம். தோளிலிருந்து தொடங்கிய கோடு முழங்கைவரை நடுங்காமலும் இடையில் முறியாமலும் ஒரே வீச்சில் வந்து முடியும். ஆயிரம் முறை வரைந்த கைக்கே அக்கோடு இயலும். பின்னாளிற் கலைவல்லார் இக்கோட்டையும் வெறுமையையும் புகழ்ந்து பக்கம் பக்கமாக எழுதியுள்ளனர். புகழ் தகும், ஆயினும், பின்புலம் வரைந்தால் விளக்கு வைக்குமுன் வேலை முடியாது என்பதையும் மறத்தலாகாது.

இப்படங்களின் தோற்றுவாய்பற்றி அறிஞரிடையே ஒரு வழக்கு உண்டு. இலண்டன் விக்டோரியா அல்பேட் அரும்பொருளகத்தில் இந்தியப் பிரிவுக்குப் பொறுப்பாயிருந்த டபிள்யூ. ஜி. ஆச்சர், 1953இல் வெளியிட்ட நூலிலும் அதனைத் தொடர்ந்து எழுதியவற்றிலும், கடதாசி, நீர்வண்ணம், நிழலூட்டல் ஆகியன யாவும் ஆங்கிலேயரிடமிருந்து பட்டுவாக்கள் கற்றவை என்று வாதிட்டார். வங்கத்து அறிஞர் பலர் இதனை மறுத்தனர். உடலின் ஓரத்திலே வண்ணத்தை அடர்த்தியாக்கி நடுவிலே வெளிறச்செய்து திரட்சி காட்டும் முறை மண்ணுருச் செய்வோரிடமிருந்தும் பழைய சுருள்களிலிருந்தும் வந்ததென்பது அவர் கட்சி. என் சிறுமதிக்கு, ஆச்சர் தாளையும் வண்ணத்தையும் பற்றிக் கூறியது ஏற்கத்தக்கது; கோட்டைப்பற்றிக் கூறியது ஏற்கத்தக்கதன்று. துர்க்கைபூசைக்கு ஆண்டுதோறும் களிமண் உருவங்கள் திரளும் நாட்டில் வளர்ந்தவன், ஓர் உருவத்தின் தோள் எவ்வாறு திரளும் என்பதை ஆங்கிலத் துரைமகளின் வண்ணப்பெட்டியைப் பார்த்துத்தான் அறிந்திருக்கவேண்டும் என்பது பொருந்துமாறில்லை.

காளி முதலிடம் பெற்றாள் என்பதைச் சொல்லவேண்டியதில்லை. கோயிலிலுள்ள கருங்கல் உருவத்தின் மூன்று பெருங்கண்களும் நீண்ட நாவும் அவ்வாறே தாளில் ஏறின. சிவபெருமான், துர்க்கை, விநாயகர், இராமன், கண்ணன், அநுமான், பூரிசகந்நாதர் எனப் பலரும் வரையப்பட்டனர். சாத்தர் கோயிலின் வாயிலிலே வைணவர்க்குரிய படங்களும் தாராளமாக விற்பனையாயின. வாங்குவோன் எச்சமயத்தவன் ஆயினும் அவன் பைசா ஒன்றே. கடவுட் படங்கள் மட்டும் விற்றிருந்தால் காளிகட்டம் சமயக்கலையின் ஒரு கிளையாகவே எண்ணப்பட்டிருக்கும். பட்டுவா அத்தோடு நிற்கவில்லை. தன் கடைவாயிலிற் சென்றுவந்த நகரத்து மாந்தரையே வரையத் தொடங்கினான்.

அவன் கண்ணுக்கு முதலில் தென்பட்டவன் ‘பாபு’. கம்பனி வணிகத்தாலும் நிலவரியாலும் திடீர்ச்செல்வம் பெற்று, அதனை எவ்வாறு செலவிடுவதென்று அறியாது நின்ற நகரத்து இளஞ்செல்வன் அவன். விக்டோரியா மகாராணியாரின் கணவர் அல்பேட் இளவரசரைப் பின்பற்றித் தலைமயிரை வாரியிருப்பான். அருமையாய் மடித்த வேட்டியும் சால்வையும் காலிலே வார்ப்பூட்டுச் சப்பாத்தும் அணிந்து, ஐரோப்பிய நாற்காலியில் அமர்ந்து, உக்காப் புகைப்பான். அடுத்த படத்தில் அவனே ஒரு தாசியின் காலடியில் ஆட்டுக்குட்டியாகிக் கிடப்பான். இன்னொன்றில் துடைப்பத்தால் அடிபடுவான். மனைவியைத் தோளிற் சுமந்து பெற்ற தாயைக் கயிற்றிற் கட்டி இழுத்துச் செல்லும் மகனும் அங்கே உளன். இறாலை வாயிற் கவ்விய பூனையின் படம் மிகவும் புகழ் பெற்றது. அப்பூனையின் நெற்றியில் அடியார்க்குரிய சமயக்குறி விளங்கும். உருத்திராக்கப் பூனை என்று நாம் பழிக்கும் அதே போலித் துறவியே இவன். மாமல்லபுரத்துப் பாறைச் சிற்பத்தில் எலிகளிடையே ஒற்றைக்காலில் நின்று தவமியற்றும் பூனையைக் கண்டார், இவ்விலங்கின் வரலாறு பழையது என்பதை உணர்வர்.

பட்டுவாவை ஏழைகளின் காவலன் என்றோ சீர்திருத்தக்காரன் என்றோ உயர்த்திப் பேசும் வழக்கம் இப்போது தோன்றியுள்ளது. அது மிகை. பாபுவின் ஆரவாரத்தை அவன் நகையாடியது உண்மை. ஆயின் பெண் சிறிது தலைநிமிர்ந்து நடந்தாலே கலி முற்றிவிட்டது என்பதும் அவன் கொள்கையாயிருந்தது. துடைப்பமேந்திய மனைவியும் கணவனை மண்டியிடச்செய்த மடந்தையும் அவன் படங்களில் நகைப்புக்கு மட்டுமன்றி அச்சத்துக்கும் உரியவர். அவன் வாங்குவோர் மனத்தை அறிந்து வரைந்தான். அம்மனத்திலிருந்த நல்லதும் தீயதும் ஒருங்கே தாளில் இறங்கின. வரலாற்று மாணவருக்கு இப்படங்கள் பயன்படுவதும் இது காரணமாகவே.

1873ஆம் ஆண்டு நிகழ்ந்த தாரகேசுவர வழக்கை எடுத்துக்கொள்வோம். கல்கத்தாவுக்கு மேற்கே ஊக்ளி மாவட்டத்தில் தாரகேசுவரம் என்னும் சிவத்தலம் உளது. அக்கோயிலின் மகந்து, அதாவது மடாதிபதி, மாதவசந்திர கிரி என்பார். கல்கத்தாவில் அரசினர் அச்சகமொன்றிற் பணிபுரிந்த நவீன் சந்திர பானர்ச்சி என்பவரின் மனைவி எலோகேசி, பதினாறு வயதினள், அத்தலத்துக்கு அணித்தான ஊரிலே தன் பெற்றோரிடம் வாழ்ந்துவந்தாள். மகப்பேற்றுக்கு மருந்து வேண்டி மகந்துவிடம் சென்ற அப்பெண் அவர் வலையிற் சிக்கினாள். பெற்றோரும் அதற்கு உடந்தை என்பது ஊரார் பேச்சு. ஊர்வந்த கணவர் செய்தி அறிந்தார். மனைவி உண்மையைச் சொல்லி மன்னிப்பு வேண்ட, அவர் மன்னித்து, அவளைக் கல்கத்தாவுக்கு அழைத்துச்செல்ல முயன்றார். மகந்துவின் ஆட்கள் வழிமறித்தனர். மே 27ஆம் நாள், வெறிகொண்ட கணவர் மீன் அரியும் அரிவாளால் மனைவியின் கழுத்தை வெட்டி, தாமே காவல்நிலையம் சென்று சரணடைந்தார்.

ஊக்ளி நீதிமன்றத்தில் யூரிமார் அவரைக் குற்றவாளியல்லர் என்றனர். நீதிபதி அதனை ஏற்காது மேல்நீதிமன்றுக்கு அனுப்ப, அங்கே ஆயுட்காலத் தீவாந்தர தண்டனை விதிக்கப்பட்டது. பிறர்மனை விழைந்த குற்றத்துக்காக மகந்துவுக்கு மூன்றாண்டுக் கடுங்காவலும் 2000 ரூபாய் தண்டமும் கிடைத்தன. கொன்றவர்க்கு ஆயுட்காலம், கெடுத்தவர்க்கு மூன்றாண்டு என்று வங்காளம் கொதித்தது. மகசர்கள் குவிந்தன, நாடகங்கள் அரங்கேறின, 1875இல் நவீன் விடுதலை செய்யப்பட்டார்.

இவ்வழக்கு நடந்த காலத்திற் காளிகட்டத்துக் கடைகளிலே அதன் படங்கள் தொகுதி தொகுதியாக விற்பனையாயின. எலோகேசி மகந்துவைச் சந்தித்தல், வெற்றிலை கொடுத்தல், கணவரின் காலில் வீழ்தல், அரிவாள் ஓங்குதல், தலை துண்டமாய்க் கிடத்தல், நீதிமன்றக் காட்சி, சிறையிலே மகந்து செக்கு இழுத்தல் எனக் கதை தாள்தாளாக வளர்ந்தது. சுருளினின்றும் பிரிந்துவந்த கலை, பல தாள்களை ஒன்றுசேர்த்து மீண்டும் கதைசொல்லத் தொடங்கியது இங்கே காணத்தக்கது. எழுத்தறியாதார்க்கு இவையே செய்தித்தாள். மடாதிபதி ஒருவர் சிறையுடையிற் செக்கு இழுக்கும் காட்சியைத் தன் வீட்டுச் சுவரில் ஒட்டிவைத்த குடியானவன் என்ன நினைத்தான் என்பதை எந்த நூலும் பதிவுசெய்யவில்லை. அவன் அதற்கென ஒரு பைசா ஈந்தான் என்பது மட்டும் உறுதி. இறந்துபட்ட பெண்ணுக்கு என்ன நீதி கிடைத்தது என்னும் வினாவை நீதிமன்றமும் எழுப்பவில்லை, ஓவியனும் எழுப்பவில்லை. சில தாள்களில் அவள் மலர்சூடி மகந்துவின் எதிரே அமர்ந்திருக்கும் கோலத்தைக் காணும்போது, பழியின் ஒரு பகுதியை அவள்மேலும் ஏற்றவே ஊரார் விரும்பினர் என்று தோன்றுகின்றது.

சான்றுகளைப்பற்றி ஒரு சொல். வங்காளத்து வீடுகளில் இப்படங்கள் ஏறக்குறைய முற்றாக அழிந்துவிட்டன. ஈரக்காற்றும் செல்லும் அடுக்களைப் புகையும் மலிவான தாளை விட்டுவைப்பதில்லை. பழுதுபட்ட சுவாமிபடத்தை ஆற்றிலே விட்டுவிட்டு, அடுத்த ஆண்டு ஒரு பைசாவுக்குப் புதியது வாங்குவதே எளிது. இன்று எஞ்சியுள்ளவை பெரும்பாலும் ஐரோப்பிய வழிப்போக்கரும் பாதிரிமாரும் உத்தியோகத்தரும் வேடிக்கைப்பொருளாக வாங்கிப் பெட்டியில் வைத்துக் கொண்டுசென்றவை. இலாகூர் ஓவியக் கல்லூரியை நடத்திய ஜோன் லொக்வுட் கிப்ளிங் சேர்த்த தொகுதியை அவர் மகனார், கதையாசிரியர் இரட்யாட் கிப்ளிங், 1917இல் விக்டோரியா அல்பேட் அரும்பொருளகத்துக்கு வழங்கினார். அங்குள்ள படங்கள் மட்டும் 600க்கு மேற்பட்டவை. ஒக்ஸ்போட், பிராக், மொஸ்கோ ஆகிய நகரங்களிலும் தொகுதிகள் உள. ஆகவே நாம் காண்பது வங்காளி வாங்கியவற்றை அன்று. வெள்ளைக்காரர் கண்ணுக்கு விந்தையாகத் தோன்றியவற்றை. நையாண்டிப் படங்களின் தொகை உள்ளதிலும் பெரிதாக நமக்குத் தோன்றுதற்கு இதுவும் ஒரு காரணமாதல் கூடும். வீடுகளிலே கரியேறிப் பூசைபெற்று மறைந்த ஆயிரமாயிரம் இலக்குமிகள் கணக்கில் வாரா.

இம்மரபின் வீழ்ச்சி மெல்ல நிகழ்ந்தது. வடகல்கத்தாவில் ‘பட்தலா’ எனப்படும் பகுதியில் மலிவுப்பதிப்பு அச்சகங்கள் பெருகியிருந்தன. வங்கமொழியிற் படங்களோடு அச்சேறிய முதல் நூலாகிய அன்னதாமங்கலம் 1816இல் வெளிவந்தது. நூலுக்குப் படஞ்செதுக்கிய மரச்செதுக்கு வினைஞர், பின்னர்க் காளிகட்டப் படங்களைப் பார்த்து மரத்திற் செதுக்கித் தனித்தாள்களாக அச்சிட்டு, கையால் வண்ணந்தடவி விற்றனர். 1878இல் அன்னதா பிரசாத் பாக்சி என்பவர், அரசினர் ஓவியக் கல்லூரியிற் பயின்ற சிலரோடு சேர்ந்து ‘கல்கத்தா ஆர்ட் ஸ்டூடியோ’ என்னும் கல்லச்சுக்கூடத்தை நிறுவினார். மேனாட்டு முறையில் நிழலும் தூரமும் காட்டும் கடவுட்படங்கள் அங்கே அச்சாயின. பட்டுவாக்களின் தொழில், ஓவியக் கல்லூரி மாணவர் வெளியிடும் மலிவான வண்ணக் கல்லச்சுப் படங்களால் நலிந்துவருகின்றது என்று 1888இல் திரைலோக்கியநாத முகர்ச்சி தம் நூலிற் குறித்துள்ளார். அதன்மேல் ஜேர்மனியின் அச்சாலைகளும் சந்தையில் இறங்கின. காளிகட்டப் படங்களையே மாதிரியாகக்கொண்டு பளபளக்கும் தாள்களை அச்சிட்டுக் கல்கத்தாவுக்கு அனுப்பின.

அப்பாலுள்ள கதை எம் வீடுகளையும் சார்ந்தது. கிளிமானூர் இரவிவர்மா (1848 - 1906) தம் எண்ணெய் ஓவியங்கள் அரசர் மாளிகைகளோடு நின்றுவிடாது எல்லார்க்கும் எட்டவேண்டும் என எண்ணி, 1894இல் ஜேர்மனிய இயந்திரங்களையும் வினைஞரையும் கொண்டு பம்பாயில் ஓர் அச்சகம் தொடங்கினார். தாமரைமீது நிற்கும் இலக்குமியும் வீணையேந்திய கலைமகளும் யாழ்ப்பாணத்துச் சுவாமியறைகளிற் குடிபுகுந்தது அவர் அச்சுப்படங்களின் வழியாகவும், அவற்றைப் பின்பற்றியவற்றின் வழியாகவுமே. கொழும்பிற் பிறந்த எம்மவராகிய கலாயோகி ஆனந்த குமாரசுவாமி, 1907இல் எழுதிய கட்டுரையில் இரவிவர்மாவின் படங்களை வன்மையாகக் கண்டித்தார். அவை நாடகமேடைத் தோற்றத்தன, இந்திய உள்ளத்தின் ஆழம் அற்றன என்பது அவர் தீர்ப்பு. கலைநோக்கில் அத்தீர்ப்பை மறுப்பது எளிதன்று. எனினும் அப்படங்களை வாங்கிய ஏழை என்ன செய்தான் என்பதையும் எண்ணிப்பார்த்தல் தகும். கோயிலின் உட்செல்ல உரிமை மறுக்கப்பட்ட காலத்திலே, தன் குடிசையிற் கடவுளின் உருவத்தை வைத்து விளக்கேற்ற அவனுக்கு வாய்ப்பளித்தவை பைசாப்படமும் அச்சுப்படமுமே. பெரியார் குமாரசுவாமி அவர்கள் நோக்கிய உயரத்திலிருந்து அவ்விளக்கின் ஒளி தெரியாமற் போயிருக்கலாம்.

படித்தோர் காளிகட்டத்தைக் கவனித்தபோது பட்டுவாக்கள் அருகிவிட்டனர். அசித் கோஷ் 1926இல் ‘ரூபம்’ என்னும் கலையேட்டில் எழுதியதே அறிஞர் கவனத்தை ஈர்த்த முதற்கட்டுரைகளுள் ஒன்று. இறுதிப் பட்டுவாக்களாக எண்ணப்படும் நிவாரண சந்திர கோஷ், காளிசரண் கோஷ் என்னும் இருவரும் 1930ஆம் ஆண்டளவில் மறைந்தனர். அவர் மக்கள் வேறு தொழில்களுக்குச் சென்றனர்.

அம்மரபின் நோக்கத்தை மட்டும் புதிதாக எடுத்து நடத்தியவர் ஜாமினி ராய். வங்கத்துப் பாங்குரா மாவட்டத்துப் பெலியாதோர் என்னும் ஊரில் 1887இற் பிறந்து, கல்கத்தா அரசினர் ஓவியக் கல்லூரியில் மேனாட்டு முறை பயின்று, செல்வர்க்கு உருவப்படம் வரைந்து பிழைத்தவர் அவர். நாற்பது வயதை அணுகும் வேளையில் அவ்வருவாயைத் துறந்தார். காளிகட்டக் கோட்டினை முதலிற் பயின்றார். பின்பு, அதில் நகரத்துச் சாயல் மிகுந்துளது எனக் கண்டு, தம் மாவட்டத்துச் சிற்றூர்ச் சுருள்களையும் மண்பொம்மைகளையும் ஆசிரியராகக் கொண்டார். ஐரோப்பிய எண்ணெய் வண்ணத்தை விட்டார். மண்ணும் சுண்ணமும் விளக்குக்கரியும் புளியங்கொட்டைப் பசையும் அவர் பட்டறைக்குத் திரும்பின. கித்தானுக்குப் பதில் அட்டை, சீலை, பாய் ஆகியவற்றில் வரைந்தார். முகுல் தே 1929இல் அவர் படங்களை ஓவியக் கல்லூரியிலே காட்சிக்கு வைத்தார்.

அவர் நடத்தையிற் பலர்க்கு ஒவ்வாத ஒன்று உண்டு. நல்லதோர் உருவம் அமைந்துவிட்டால் அதனையே திரும்பத் திரும்ப வரைந்து, நடுத்தரக் குடும்பம் வாங்கத்தக்க விலைக்கு விற்றார். மகனாரும் பட்டறையில் உதவினர். எவர் தூரிகை பட்டதாயினும் கையொப்பம் ஜாமினி ராய் என்பதே. இரண்டாம் உலகப்போர்க் காலத்திற் கல்கத்தாவில் தங்கிய ஆங்கில, அமெரிக்கப் போர்வீரரும் அவர் வீடுதேடிச் சென்று படம் வாங்கினர். 1944இல் பிஷ்ணு தேயும் ஜோன் இர்வினும் அவரைப்பற்றி நூல் எழுதினர். ஒரே படத்தைப் பலமுறை வரைபவன் கலைஞனா, கைவினையாளனா என்று திறனாய்வாளர் கேட்டனர். அவ்வினா காளிகட்டத்தில் எழுந்ததில்லை. அங்கே எவரும் தம் படத்திற் பெயர் எழுதியதில்லை. கையொப்பம் என ஒன்று வந்தபின்னரே அதற்கு உரியவர் யார் என்னும் வழக்கும் வந்தது.

ஜாமினி ராய்க்கு இந்திய அரசு 1954இல் பத்மபூஷண் விருது அளித்தது. 1972இல் அவர் காலமானார். 1976இல் அவர் படைப்புக்கள் நாட்டின் கலைச்செல்வமென அறிவிக்கப்பட்டு, இந்தியாவினின்றும் வெளியே கொண்டுசெல்லுதல் தடைசெய்யப்பட்டது. எளிய வீடுகளின் சுவரை நினைந்து வரைந்த படங்கள் இன்று ஏலக்கூடங்களிற் பெரும் பொருள் பெறுகின்றன. எளிய வீட்டார் அவற்றின் அச்சுப்பிரதியைத்தான் வாங்க இயலும். மேற்கு மேதினிப்பூர் மாவட்டத்து நயா என்னும் சிற்றூரிலே சித்திரகார் என்னும் பெயர்பூண்ட பட்டுவாக் குடும்பங்கள் இன்றும் சுருள்வரைந்து பாடுகின்றன. ஊர்காண வருவோர்க்கென இறால் கவ்விய பூனையையும் சிறுதாள்களில் வரைந்து விற்கின்றன. கிராமத் தபாற்கந்தோரிலே அதிபராயிருந்த கலாம் பட்டுவா என்பவர், அலுவல் முடிந்த வேளைகளில், இன்றைய நடுத்தரக் குடும்பங்களின் வாழ்வைக் காளிகட்டக் கோட்டிலே தீட்டிப் புகழ்பெற்றார்.